ரெப்போ விகிதமும் கட்டிங் டேபிளும்: நடுத்தரக் கம்பெனிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

2021 டிசம்பரில், நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி 60,000 டி-சர்ட்டுக்கு விலை பேசி முடித்தது. டெலிவரி அடுத்த ஜூன். விலை பேசுவதற்குப் பத்து நாள் முன்பே எங்கள் ஸ்டோர் கீப்பருக்கு ஒரு விஷயம் தெரியும். நிட்டிங் ஜாப் ஒர்க் யூனிட்டில், "மில்லுக்காரங்க பழைய விலைக்கு நூல் புக் பண்ண மாட்டேங்கறாங்க, முன்பணம் வெச்சாத்தான் பேசறாங்க" என்று பேசிக்கொண்டதை எங்கள் வண்டி டிரைவர் கேட்டுவந்து அவரிடம் சொல்லியிருந்தார். அவர் முதலாளியிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் முன்பு வேறு ஏதோ சொல்லப்போய், "உனக்கு எதுக்குப்பா அந்தக் கவலை, இன்வேர்டு என்ட்ரியை ஒழுங்காப் போடு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அடுத்த ஆண்டு மே மாதம் பருத்தி ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையைக் கண்டித்து ஊரே 2 நாள் வேலைநிறுத்தம் செய்தது. நாங்கள் பேசிய விலைக்கே, கைநட்டத்தில் சரக்கை அனுப்பிவைத்தோம்.

எங்கள் முதலாளி செய்தி பார்க்காதவர் இல்லை. பட்ஜெட் விவாதம், ரிசர்வ் வங்கி அறிவிப்பு எதையும் விடமாட்டார். நாட்டின் பொருளாதாரம் அவருக்கு டிவி வழியாக வந்தது. சொந்தக் கம்பெனியின் பின்வாசல் வழியாக அது வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

பேரியல் பொருளாதாரத்தை, அதாவது வட்டி, விலைவாசி, டாலர் என்று நாடு முழுக்க ஓடும் கணக்கைப் புரிந்துகொள்வதும், கம்பெனிக்குள் புது யோசனை பிறக்கும் பழக்கத்தை வளர்ப்பதும் வேறு வேறு பாடங்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. கெட்ட செய்தி மேலே ஏறி வரும் படிக்கட்டில்தான் நல்ல யோசனையும் ஏறி வருகிறது. ஒன்றை மறித்தால் இரண்டும் நின்றுவிடும். கீழே வரும் படிகளை 50 முதல் 500 பேர் வரை வேலை செய்யும் ஒரு கம்பெனியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணம் எனக்குத் தெரிந்த பனியன் தொழில்.

படி 1: உங்கள் லாபம் எந்த எண்ணுக்கு ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

பொருளாதாரம் படிக்கிறேன் என்று ஜிடிபியில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

50,000 பீஸ், பீஸுக்கு 3.20 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் மதிப்பு 1 கோடியே 36 லட்சம். எல்லாம் போக 6 சதவீதம் நின்றால் லாபம் 8 லட்சம் சொச்சம். இப்போது ஒவ்வொரு எண்ணையும் தனியாக அசைத்துப் பாருங்கள்.

சேதாரம் சேர்த்து ஒரு பீஸுக்கு 200 கிராம் நூல் என்றால் மொத்தம் 10,000 கிலோ வேண்டும். கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினால் 4 லட்சம் போய்விடும். லாபத்தில் பாதி.

டாலர் ஒரு ரூபாய் அசைந்தால் 1 லட்சத்து 60 ஆயிரம் கூடும் அல்லது குறையும்.

வட்டி? வங்கியில் 4 கோடி வரை கடன் வரம்பு வாங்கிப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைப்போம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதம் வரை 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 ஆகிவிட்டது. இந்த 2.5 சதவீதம் அப்படியே உங்கள் கடனில் ஏறினால் ஆண்டுக்கு 10 லட்சம். இதே அளவில் வருடம் 12 ஆர்டர் செய்கிறீர்கள் என்றால், ஆர்டருக்கு 83,000 ரூபாய்.

நூல், டாலர், வட்டி. டிவியில் அதிகம் அலசப்படும் வட்டி இந்தக் கம்பெனிக்குக் கடைசி இடத்தில் நிற்கிறது. உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். கோவையில் பம்ப் செட் செய்கிறவருக்குச் செம்பு விலையும் பருவமழையும் முதலில் வரும். ஹோட்டல்காரருக்கு வணிக சிலிண்டரும் காய்கறியும். மென்பொருள் கம்பெனிக்கு டாலரும், அமெரிக்க வாடிக்கையாளர் செலவைக் கட்டுப்படுத்தும் மனநிலையும்.

இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி உங்கள் மேஜைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். மூன்று எண் போதும். ஆறு எண் எழுதினால் எதையும் பார்க்க மாட்டீர்கள், நான் எழுதிப் பார்த்தவன்.

படி 2: தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள்

தினமும் செய்தி பார்ப்பது பொருளாதாரம் கற்கும் வழி இல்லை, பதற்றம் கற்கும் வழி. புள்ளிவிவரங்களுக்கென்று தேதி இருக்கிறது. மாத முதல் தேதியை ஒட்டி முந்தைய மாத ஜிஎஸ்டி வசூலும், கம்பெனிகளின் கொள்முதல் மேலாளர்களைக் கேட்டுத் தயாரிக்கும் உற்பத்தித் துறை பிஎம்ஐ குறியீடும் வந்துவிடும். பிஎம்ஐ 50-க்கு மேல் இருந்தால் போன மாதத்தைவிட நடவடிக்கை கூடியிருக்கிறது, கீழே என்றால் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் அதன் சூத்திரம். பனியன்காரர்களுக்கு மில்கள் நூல் விலை அறிவிப்பதும் மாதத் தொடக்கத்தில்தான். 12-ஆம் தேதி சில்லறைப் பணவீக்கம், 14-இல் மொத்த விலைப் பணவீக்கம், 28-இல் தொழில் உற்பத்திக் குறியீடு. ரிசர்வ் வங்கியின் 6 பேர் கொண்ட நிதிக்கொள்கைக் குழு ஏறக்குறைய 2 மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. அந்த ஆண்டுக்கான தேதிகளை முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள்.

ஜிடிபி? ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கணக்கு ஆகஸ்ட் கடைசியில்தான் வரும். ஏப்ரலில் உங்களுக்கு ஆர்டர் குறைந்ததற்கான காரணத்தை ஆகஸ்டில் தெரிந்துகொண்டு என்ன செய்வது? அது வைத்தியர் அறிக்கை மாதிரி. காய்ச்சல் வந்தது உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கும்.

படி 3: எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் படியுங்கள்

2023 ஜூலையில் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்துக்குப் போனது. ரிசர்வ் வங்கிக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு 4 சதவீதம். கீழே 2, மேலே 6 வரை போகலாம். 7.44 என்றதும் வட்டி இன்னும் ஏறப்போகிறது என்று எங்கள் வட்டாரத்தில் பலர் மெஷின் வாங்கும் திட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். வட்டி ஏறவில்லை, 6.5-லேயே நின்றது. ஏனென்றால் அன்றைக்கு ஏறியது தக்காளியும் மற்ற காய்கறிகளும். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட அந்தத் தொடரில் உணவு, பானங்களுக்கு மட்டும் ஏறக்குறைய 46 சதவீத எடை இருந்தது. மழை சரியானால் இறங்கிவிடும் விலைக்காக வட்டியை ஏற்றினால் தக்காளி அதிகம் காய்க்கப்போவதில்லை. ஆகவே பணவீக்க எண் வந்ததும் முதலில் கேட்கவேண்டியது: உணவா, எரிபொருளா, மற்றதெல்லாம் சேர்ந்தா? மற்றவையும் சேர்ந்து ஏறினால் வட்டியைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

அதே தக்காளிக்கு இன்னொரு முகம் உண்டு. உள்நாட்டுச் சந்தைக்கு ஜட்டி, பனியன் செய்கிறவர்கள் காய்கறி விலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வாரச் சந்தையில் 200 ரூபாய் கூடுதலாகச் செலவழித்த குடும்பம் முதலில் தள்ளிப்போடுவது உள்ளாடையைத்தான். வெளியே தெரியாதே!

வட்டியில் இன்னொன்று. 2019 அக்டோபர் முதல் குறு, சிறு தொழில்களுக்கான புதிய மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும், 3 மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்று விதி வந்தது. 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று முறை குறைத்து ரெப்போவை 5.5-க்குக் கொண்டுவந்தார்கள், மொத்தம் 1 சதவீதம். உங்கள் கடனில் அது இறங்கியதா என்று அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டி போடும் பழைய எம்சிஎல்ஆர் முறையிலேயே கடன் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் வட்டி கட்டும் கம்பெனிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புதிய முறைக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதினால் நடக்கக்கூடிய காரியம்.

டாலர் ஏறினால் எக்ஸ்போர்ட்டருக்குக் கொண்டாட்டம் என்று வெளியே நினைக்கிறார்கள். ரூபாய் சரிந்த மறுவாரமே பையர் மெயில் போடுவார், விலையைக் குறைக்கச் சொல்லி. சாயம், ஜிப்பர், லேபிள் என்று இறக்குமதியாகும் சாமான் எல்லாம் கூடவே ஏறும்.

ஒரு எச்சரிக்கையோடு இந்தப் படியை முடிக்கிறேன். எண்ணைப் படிப்பது வேறு, எண்ணை வைத்துச் சூதாடுவது வேறு. 2008 தொடக்கத்தில் டாலர் 39 ரூபாயை ஒட்டி இருந்தது. இன்னும் இறங்கும் என்று நம்பித் திருப்பூரில் பலர் வங்கிகளோடு டாலர் விலையின் போக்கை வைத்துச் சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் டாலர் 50 ரூபாயை எட்டிப்பிடித்தது. துணி தைத்துச் சம்பாதித்ததைத் தாளில் இழந்தவர்கள் உண்டு, வழக்கு வரை போனவர்கள் உண்டு. கையில் ஆர்டர் இருக்கும் அளவுக்கு மட்டும் சாதாரண ஃபார்வர்டு, அதாவது பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி முடிக்கும் ஒப்பந்தம், எடுங்கள். புரியாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 4: பின்வாசல் செய்திக்கு ஒரு நோட்டு போடுங்கள்

அரசின் புள்ளிவிவரத்துக்கு முன்னால் நகரும் அறிகுறிகள் உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. யார் எதை முதலில் பார்க்கிறார் என்று யோசியுங்கள்.

லாரி புக்கிங் ஆபீஸில் வண்டி உடனே கிடைக்கிறதா, காத்திருக்க வேண்டியிருக்கிறதா என்று டிரைவருக்குத் தெரியும். தீபாவளிக்கு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், வராதவர் வேறு எந்த ஊரில் சேர்ந்தார் என்று ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியும். பையர் சாம்பிள் கேட்பது குறைந்தால் அதற்குப் பல வாரம் கழித்துத்தான் ஆர்டர் குறையும். ஆனால் சாம்பிள் டெய்லருக்குக் கை சும்மா இருப்பது அன்றைக்கே தெரியும். பழைய பாக்கி வசூல் தள்ளிப்போவது கணக்குப் பிள்ளைக்கு. கட்டிங் வேஸ்ட் வாங்க வரும் வியாபாரி பேரம் பேசுகிறாரா, வந்தவுடன் பணத்தைக் கொடுக்கிறாரா என்பது வாட்ச்மேனுக்கு. வேஸ்ட் வியாபாரியின் வேகத்தை நான் பிஎம்ஐ-க்குக் குறையாமல் மதிக்கிறேன்.

நோட்டு போடுவது எளிது. 100 பக்க நோட்டு ஒன்றை ஸ்டோர் ரூமில் வையுங்கள், முதலாளி அறையில் வைக்காதீர்கள். தேதி, யார் சொன்னது, எங்கே கேட்டது, ஒரே வரியில் விஷயம். எழுதத் தயங்குகிறவருக்காக ஸ்டோர் கீப்பர் எழுதிக்கொடுக்கட்டும். ஹிந்தியிலோ ஒடியாவிலோ பேசுகிறவர் செய்தி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இன்று பல யூனிட்களில் பாதிக் கண்ணும் காதும் அவர்கள்தான். வாட்ஸ்அப் குழு வேண்டாமா என்று கேட்பார்கள். குழுவில் முதலாளி இருந்தால் குட் மார்னிங் படம் மட்டும்தான் வரும்.

படி 5: சொன்னவருக்கு நட்டம் வராமல் பாருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான கம்பெனிகள் தோற்கின்றன.

பேட்லாக் தையல் மெஷினில் கழுத்து டேப் அடிக்கும் ஒரு அக்கா எங்கள் யூனிட்டில் இருந்தார். அவருடைய பீஸில் மட்டும் ஆல்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டிய பீஸ், மிகக் குறைவாக வந்தது. என்ன காரணம் என்று பார்க்க ஒரு நாள் மதியம் போய் நின்றேன். பிஸ்கட் டின் மூடியிலிருந்து விரலளவு தகரத்தை வெட்டி, ஓரத்தை மடித்து, டேப் நகராமல் போவதற்கு ஒரு வழி செய்து மெஷினில் சொருகியிருந்தார். அச்சு அசல் ஒரு ஃபோல்டர், டேப்பை நேராக வழிநடத்தும் துணைக்கருவி. ஃப்ளோர் மேனேஜர் வரும் சத்தம் கேட்டதும் அதைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க்கா ஒளிக்கறீங்க?"

"தெரிஞ்சா டார்கெட்டை ஏத்திப்போடுவாங்க சார். போன வருசம் இப்படித்தான் ஒருத்தி சொல்லி, லைன் பூரா மணிக்கு 10 பீஸ் சேத்து அடிக்கச் சொன்னாங்க. அப்புறம் யாரும் அவகூடப் பேசலை."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. யோசனை சொன்னவருக்கு வேலை கூடியது, கூட வேலை பார்ப்பவர்களின் பகை சம்பாத்தியம். பீஸ் ரேட்டிலும் இதே கதைதான், வேகம் கூடினால் ரேட்டைக் குறைப்பார்கள். போதாததற்கு, புதிய முறையைப் பழகும் முதல் 2 நாள் உற்பத்தி இறங்கும், அந்த நட்டம் டெய்லரின் கூலியிலிருந்து போகும். சோதனைச் செலவை ஆகக் குறைந்த கூலி வாங்குகிறவர் தலையில் கட்டிவிட்டு, நம் ஆட்களிடம் புதுமை இல்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

ஆகவே மூன்று வாக்குறுதி. எழுதி, முதலாளி கையெழுத்துப் போட்டு, நேரக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

ஒன்று, சோதனை நடக்கும் நாட்களில் சம்பந்தப்பட்டவருக்கு முந்தைய 2 வாரச் சராசரிக் கூலி குறையாமல் கிடைக்கும். இரண்டு, ஊழியர் யோசனையால் வேகம் கூடினால் 6 மாதத்துக்கு டார்கெட்டும் ஏறாது, பீஸ் ரேட்டும் இறங்காது. மூன்று, தப்பைத் தானே முன்வந்து சொன்னவருக்கு அந்தத் தப்புக்காகப் பிடித்தம் கிடையாது.

மூன்றாவதைக் கேட்டதும் புரொடக்‌ஷன் மேனேஜர்கள் பதறுவார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கில் தவறு அதிகமாகத் தெரிந்தது நல்ல குழுக்களில்தான். அவர்கள் தவற்றை மறைக்காமல் பேசினார்கள். மற்ற இடங்களில் தவறு பேச்சில் வரவில்லை. உங்கள் யூனிட்டில் முதல் 3 மாதம் ஆல்டர் எண்ணிக்கை ஏறினால் பயப்பட வேண்டாம், இதுவரை மடியில் இருந்தது மேஜைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறியின் பெருமை அதன் வேகம் மட்டும் இல்லை. நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். கெட்ட துணி நெய்துகொண்டே போகாது. பின்னால் அந்தக் குடும்பத்தின் கார் கம்பெனி அதே எண்ணத்தை மனிதர்களுக்கு விரித்தது. கோளாறைப் பார்த்த தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தச் சொல்லலாம். 1951-இல் ஊழியர் யோசனைத் திட்டத்தையும் தொடங்கினார்கள். நம்மால் முடியாது, அது ஜப்பான் என்பவர்களுக்கு: சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல், தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் டெமிங் விருது வாங்கியது. இந்தியாவில் அதுதான் முதல்.

படி 6: எந்தப் பருவத்தில் எந்த யோசனை

இப்போதுதான் பேரியல் பொருளாதாரமும் கட்டிங் டேபிளும் ஒரே இடத்துக்கு வருகின்றன. யோசனை எப்போதும் வரலாம், ஆனால் எல்லாவற்றையும் எப்போதும் சோதிக்க முடியாது.

ஆர்டர் குவியும்போது லைனைத் தொடாதீர்கள். நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏர் ஷிப்மென்ட் ஆபத்து, கப்பலைத் தவறவிட்டுச் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்த நேரத்தில் செய்யவேண்டியது இரண்டே. யோசனையை எழுதி வைப்பது, பணத்தை ஒதுக்குவது. பீஸுக்கு 25 பைசா என்று தனிக் கணக்கில் போடுங்கள். மேலே சொன்ன கம்பெனியில் ஆண்டுக்கு 6 லட்சம் பீஸ், ஒன்றரை லட்சம் ரூபாய் சேரும். பெரிய தொகை இல்லை. ஃபோல்டர், ஸ்டாண்டு, சின்ன மோட்டார் என்று முப்பது சோதனைக்குக் காணும்.

மந்தம் வந்ததும் அந்தக் கணக்கைத் திறக்கவேண்டும். மெஷின் சும்மா நிற்கும்போது சோதித்தால் இழக்கும் உற்பத்தி கிடையாது, ஆகச் சோதனை மலிவு. ஆனால் நடப்பது தலைகீழ். உலகம் முழுக்க நிறுவனங்கள் மந்தத்தில்தான் ஆராய்ச்சிச் செலவை வெட்டுகின்றன, கையில் ரொக்கம் இல்லை என்று. 25 பைசா ஒதுக்கியது இதற்குத்தான். சும்மா நிற்கும் 2 மெஷினை மூலையில் போட்டுச் சோதனை மேடை ஆக்கிவிடுங்கள். அமெரிக்காவின் 3எம் கம்பெனி ஊழியர்களின் நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த முயற்சிக்கு விட்டுவைத்ததைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே 1968-இல் கண்டுபிடித்த சரியாக ஒட்டாத பசை 1980-இல்தான் மஞ்சள் ஒட்டுத்தாளாக அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. 12 வருடம் காத்திருக்க நம்மிடம் மூலதனம் இல்லை, 15 சதவீத நேரம் தரவும் கட்டுபடியாகாது. மந்தமான 6 வாரத்தில் இரண்டு மெஷின் என்பது நம் அளவுக்கான ஏற்பாடு.

வட்டி ஏறும் காலத்தில் 6 மாதத்துக்குள் போட்ட பணம் திரும்பும் யோசனைக்கு முன்னுரிமை. சரக்கு தேங்கும் நாளைக் குறைக்கும் யோசனை எல்லாம் இங்கே தங்கம். துணி, கட்டிங், தையல், பேக்கிங் இடையே 10 நாள் குறைந்து, அதனால் 30 லட்சம் முடக்கம் விலகினால், 10 சதவீத வட்டியில் வருடத்துக்கு 3 லட்சம் மிச்சம்.

மூலப்பொருள் ஏறும் காலத்தில் கட்டிங் மாஸ்டரைத் தேடிப் போங்கள். மார்க்கரில், அதாவது வெட்டவேண்டிய பாகங்களைத் துணிமேல் அடுக்கும் வரைபடத்தில், துணிப் பயன்பாடு 82 சதவீதத்திலிருந்து 84 ஆனால் 10,000 கிலோவில் ஏறக்குறைய 240 கிலோ மிச்சம். சாயமேற்றிய துணி கிலோ 500 ரூபாய் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம், ஒரே ஆர்டரில். அளவுகளை மாற்றி அடுக்கிப் பார்க்க அவருக்கு அரை நாள் கொடுத்தால் போதும்.

அப்புறம், யாரும் கேட்காமல் வந்து விழும் அடி. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க பையர் ஒருவரையே நம்பியிருந்த யூனிட்கள் திகைத்து நின்றன. ஏற்கெனவே சின்ன லாட்டில் செயற்கை இழைத் துணி தைத்துப் பார்த்துவைத்திருந்தவர்களுக்கு ஐரோப்பாப் பக்கம் பேசவாவது ஒரு சாம்பிள் இருந்தது. இதைவிடப் பெரிய அடி 2011 ஜனவரி 28 அன்று வந்தது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் முறை ஊரில் வேரூன்றியது. இன்று வெளிநாட்டு பையரிடம் நாம் பெருமையாகக் காட்டுவது இதைத்தான். ஆனால் நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் தண்ணீர் கெட்டுப்போனதை அதற்குப் பல வருடம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்வாசலில் வந்த சேதி முன்வாசலில் தீர்ப்பாக வந்தது.

படி 7: மாதம் ஒரு கூட்டம், 40 நிமிடம்

சில்லறைப் பணவீக்க எண் வந்த மறுநாள், 13-ஆம் தேதி வையுங்கள். கணக்காளர், பையரோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், ஒரு லைன் சூப்பர்வைசர், சுழற்சி முறையில் இரண்டு டெய்லர்கள், ஸ்டோர் கீப்பர். டீ கட்டாயம்.

முதல் 10 நிமிடம் படி 1-இல் எழுதிய மூன்று எண்ணும் போன மாதத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தன, ஆர்டருக்கு எத்தனை ரூபாய் என்று கணக்காளர் சொல்ல வேண்டும். சதவீதம் வேண்டாம், ரூபாயில் சொல்லட்டும். 0.25 சதவீதம் என்றால் யாருக்கும் உறைக்காது. அடுத்த 15 நிமிடம் நோட்டை வாசிப்பது. மீதியில் ஒரே ஒரு யோசனையைத் தேர்ந்து, யார், எந்த மெஷினில், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று முடிவு செய்வது. முதலாளி கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் கூட்டம் அங்கேயே முடிந்தது, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பார்கள்.

படி 8: 7 நாளுக்குள் பதில்

ஏற்காத யோசனைக்கும் பதில் போக வேண்டும், காரணத்தோடு. "பார்க்கலாம்" என்பது பதில் இல்லை. பரிசுத் தொகையைப் பெரிதாக வைக்காதீர்கள். 10,000 ரூபாய் என்றால் யோசனை யாருடையது என்று சண்டை வரும். ஏற்றுக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய், அன்றைக்கே, கையில். மெஷினில் சொருகிய அந்தத் தகரத்துக்கு அக்காவின் பெயரை வைத்தோம். லைன் முழுக்க அதே அளவில் பட்டறையில் அடித்து வாங்கினோம். டார்கெட் 6 மாதம் ஏறவில்லை. ஏழாவது மாதம் எவ்வளவு ஏற்றலாம் என்று அவர்களிடமே கேட்டபோது, மேனேஜர் மனதில் வைத்திருந்ததைவிட இரண்டு பீஸ்தான் குறைவாகச் சொன்னார்கள்.

நோட்டில் இந்த மாதம் 11 வரி இருக்கிறது. ஒன்பதாவது வரி பேக்கிங் பகுதியிலிருந்து: "பெட்டிக்காரர் சொல்கிறார், மூணு கம்பெனி சின்ன சைஸ் பெட்டி கேட்குதாம்." சின்னப் பெட்டி என்றால் சின்ன லாட். பையர்கள் ஸ்டாக் வைக்கப் பயப்படுகிறார்களா, இல்லை கப்பல் சரக்குக் கட்டணத்தில் ஏதாவது மாற்றமா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை மெர்ச்சண்டைசர் இரண்டு பையரிடம் கேட்கப்போகிறார். அதற்குள் 500 பீஸ் லாட்டை நட்டமில்லாமல் கட்டிங் செய்ய முடியுமா என்று மாஸ்டர் மூலை மேஜையில் துணியை விரித்திருக்கிறார்.